இரண்டாவது சங்கு

மணி பத்து பதினெட்டு.

தீயணைப்பு நிலையத்தின் மாடியில் கட்டுப்பாட்டு அறை. அபாயச் சங்கை இயக்கும் பலகையின் முன்னால் ஆபரேட்டர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நிலைய அதிகாரி இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். பதவியில் அவர் பெரியவர், அதனால் அவள் அவரை 'சார்' என்பாள். வயதில் பதினைந்து வருஷம் சின்னவர், அதனால் அவர் அவளை 'அக்கா' என்பார். அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"வருஷா வருஷம் இந்த நாள்ல லீவு போட்டுடுவீங்களாமே. இந்தத் தடவை நீங்களே கேட்டு டியூட்டி வாங்கியிருக்கீங்க. என்னக்கா விசேஷம்?"

"சும்மாதான் சார்."

"மந்திரி வந்திருக்கார். டிவியில லைவ் வேற ஓடுது. பத்து இருபதுக்கு ஒரு சங்கு, இருபத்திரெண்டுக்கு இன்னொண்ணு. அவ்வளவுதான் வேலை. பாத்து, எனக்கும் சேத்து ஊதிடாதீங்க."

அவள் சிரிக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், போர் நடந்தபோது, இதே நாளில் பத்து இருபதுக்கு எதிரி விமானம் ஒன்று ராணுவ முகாமில் குண்டு போட்டது. பத்தொன்பது வீரர்கள் செத்துப் போனார்கள். ஆண்டுதோறும் அதே நிமிடத்தில் முதல் சங்கு ஊதும். ஊர் அப்படியே நிற்கும். ஓடுகிற பஸ் நிற்கும், துணி வெட்டுகிற கத்தரி நிற்கும். இரண்டாவது சங்கு கேட்கிறவரை ஒருவரும் அசையக் கூடாது.

பத்து இருபது.

சாவியைத் திருகிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மொட்டை மாடியிலிருந்து எழுந்த ஓலம் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்து மெல்ல அடங்கியது. கீழே மார்க்கெட் தெரு உறைந்தது. சுவரில் இருந்த டிவியில் முகாம் மைதானம். மந்திரி தலை குனிந்திருந்தார். வரிசையாக சல்யூட் அடித்த கைகள். நடுவில் கமாண்டர்.

அவள் பலகையிலிருந்து சாவியை உருவிக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"சாவியை ஏன் எடுத்தீங்க?"

"சார், ரெண்டாவது சங்கை நான் இருபத்திரெண்டுக்கு ஊதப்போறதில்ல. இருபத்திநாலுக்குத்தான் ஊதுவேன்."

அதிகாரிக்குப் புரியச் சில விநாடிகள் ஆயின. "விளையாடாதீங்கக்கா."

"அன்னைக்கு அந்த விமானம் திரும்பி வந்தது சார். சரியா பத்து இருபத்திநாலு. இதோ, இந்த மார்க்கெட்ல. முப்பத்தொரு பேர். அவங்க பேரு முகாம் நினைவுக் கல்லுல இல்ல. அவங்களுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. மூணு மனு போட்டேன். 'இது படைவீரர் நினைவு நாள், பொதுமக்கள் விஷயம் பரிசீலனையில் உள்ளது'ன்னு மூணுக்கும் ஒரே பதில். தேதியை மட்டும்தான் மாத்தியிருந்தாங்க."

"அதுக்கு ஊரையே நிக்க வைப்பீங்களா?"

"அவங்களுக்கும் ரெண்டே நிமிஷம்தான் கேக்கறேன்."

பத்து இருபத்திரண்டு. டிவியில் வாத்தியக் குழுத் தலைவர் கோலை உயர்த்திச் சங்குக்காகக் காத்திருந்தார். சங்கு வரவில்லை. கோல் உயர்ந்தபடியே நின்றது.

அதிகாரி கையை நீட்டினார். "அக்கா, உங்களுக்கு நாலு வருஷ சர்வீஸ்தான் பாக்கி. சாவியைக் குடுங்க. நான் ஊதிடறேன். மெஷின் மக்கர் பண்ணிச்சுன்னு சமாளிச்சுக்கலாம்."

"வேண்டாம் சார்."

அவள் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்துவிடலாம். அதற்கு வேண்டிய பலம் அவருக்கு இருந்தது. மனசுதான் வரவில்லை.

"உங்க வீட்ல யாராவது..."

"என் தங்கச்சி. மார்க்கெட்ல தையல் கடை வெச்சிருந்தா. அவ வீட்டுக்காரர் முகாம்ல இருந்தார், பத்து இருபதுக்குப் போயிட்டார். கல்லுல மூணாவது பேரு. ஒரே வீட்ல நாலு நிமிஷத்துல ரெண்டு சாவு சார். ஒருத்தருக்கு மாலை விழுது. இன்னொருத்திக்கு ஒண்ணும் இல்ல."

"மார்க்கெட்டுக்கு அடியில பதுங்கு அறை இருக்கே. உள்ளேயே இருந்திருக்கலாமே?"

"இருந்தா. எல்லாரும் உள்ளதான் இருந்தாங்க. 'ஆபத்து இல்ல, வெளியே வரலாம்'னு சங்கு ஊதினதால வந்தாங்க. முகாம் பக்கம் புகையைப் பாத்துட்டு, புருஷனுக்கு என்னாச்சோன்னு அவ முன்னாடி ஓடியிருக்கா."

"எந்த மடையன் அதுக்குள்ள ஊதினான்?"

"நான்தான் சார்."

 

முகாமின் நேரடி இணைப்பு, சிவப்புத் தொலைபேசி, அலறியது. அதிகாரி பாய்ந்து எடுத்தார். இரண்டு 'சார்', மூன்று 'இல்ல சார்'. பிறகு ரிசீவரைப் பாம்பைப் பிடித்தவர்போல நீட்டினார். "கமாண்டர். உங்களோட பேசணுமாம்."

டிவியில் கமாண்டர் நெற்றியிலிருந்து வலது கையை எடுக்காமலே, உதவியாளர் நீட்டிய போனை இடது காதில் வைத்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

"என்னம்மா பண்றே? ஊது!"

"இதே குரல்தான் சார். அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க."

"என்ன உளர்றே?"

"எட்டு வருஷம் முன்னாடி. பத்து இருபத்திரெண்டு. அப்ப நீங்க கேப்டன். 'விமானம் போயிடுச்சு, ஊது'ன்னீங்க. ஊதினேன். மார்க்கெட் ஜனம் மொத்தமும் வெளியே வந்தது."

டிவியில் மந்திரி ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தார். வீரர்களின் முழங்கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. கீழே தெருவில், ஒரு காலைத் தரையில் ஊன்றிய சைக்கிள்காரர் இன்னும் அப்படியே நின்றார். யாரோ இருமினார்கள். அது மாடிவரை கேட்டது.

இருபத்திமூணு தாண்டி நாற்பது விநாடி. ஐம்பது.

பத்து இருபத்திநாலு.

"அக்கா, ஆயிடுச்சு," அதிகாரி கெஞ்சினார். "நீங்க கேட்ட நேரம் ஆயிடுச்சு. ஊதிடுங்க."

அவள் சாவியைச் செருகித் திருகினாள். விரல் பொத்தானுக்கு ஒரு அங்குலம் மேலே போய் நின்றுவிட்டது. சங்கை நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தாள். இதே பொத்தான்தான். கீழே அதே தெருவில், ஜனங்கள் அதே சங்கை நம்பி நிற்கிறார்கள்.

"சார்," என்றாள் போனில். "மேல பாத்துட்டுச் சொல்லுங்க."

"என்னது?"

"வானத்தைப் பாருங்க. அன்னைக்கு நீங்க சொன்னீங்க, நான் ஊதினேன். இன்னைக்குப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்பத்தான் ஊதுவேன்."

டிவியில் கமாண்டரின் முகம் அசையவில்லை. மூன்று விநாடி. நான்கு. பிறகு, நாடே பார்த்துக்கொண்டிருக்க, தொப்பி சரியும் அளவுக்கு அவர் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். கிழக்கே பார்த்தார். திரும்பி மேற்கே பார்த்தார். பக்கத்திலிருந்த மந்திரியும் பதறி அண்ணாந்தார். பின்வரிசைகளில் ஒவ்வொரு தலையாக மேலே திரும்பியது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றது குரல். அதில் அதிகாரம் இல்லை. "நல்லாப் பாத்துட்டேன். வானம் காலியா இருக்கு. ஊதும்மா."

அழுத்தினாள்.

ஓலம் எழுந்து, நின்று, அடங்கியது. சைக்கிள் நகர்ந்தது. பஸ் உறுமியது. டிவியில் வாத்தியங்கள் தாளம் தப்பித் தொடங்கின. போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"அன்னைக்கு நான் பாக்கலம்மா."

"தெரியும் சார். நானும் கேக்கல."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதிகாரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நாலு தடவை முகத்தைத் துடைத்தார். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து படிவம் ஒன்றை எடுத்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. ரிப்போர்ட் அனுப்பாட்டி என் தலை போயிடும்."

"எழுதுங்க சார். அது உங்க வேலை."

"'தாமதத்துக்குக் காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு." பேனாவைக் கடித்தார். "காரணமானவங்க பேரு, முகவரியெல்லாம் வேணுமாம். உங்க பேரைப் போட்டுடட்டுமா?"

"என் பேரைக் கையெழுத்து போடற இடத்துல போடுங்க. காரணம் நான் இல்ல. அந்த முப்பத்தொரு பேர்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, தீப்பெட்டி அகலம்கூட இல்லாத அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"இதுல மூணு பேருக்குத்தான் இடம் இருக்கு."

"வெள்ளைத் தாளை இணைச்சுக்கலாம்னு அடியில போட்டிருக்கு சார்."

போட்டிருந்தது. சிவப்புத் தொலைபேசி மறுபடி அலறியது. இந்தத் தடவை அதிகாரி எடுக்கவில்லை. நாலைந்து வெள்ளைத் தாளை உருவி, நேராக அடுக்கி, பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்கக்கா. நிதானமா, ஒவ்வொருத்தரா."