கேசியாவின் சாட்சி

ஞானசிங்கின் மானத்தைச் சபை நடுவில் கப்பலேற்றுவது என்று கேசியா செவ்வாய்க்கிழமையே முடிவு செய்துவிட்டாள்.

பாவம் பார்க்கவேண்டிய ஆளா அவர்? சித்தூரில் அவர்கள் சபைக்கு அவர்தான் செயலாளர். ஏம்மா ரெண்டு வாரமாகக் கோயிலுக்கு வரவில்லை என்று பரிவாகத்தான் விசாரித்தார். அண்ணன் மாதிரியாயிற்றே என்று நம்பி, ராத்திரி தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, திருப்பதியில் மனநல டாக்டரைப் பார்க்கிறேன் என்று அவரிடம் மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிறே மைக்கில், "சகோதரி கேசியாவின் புத்தி தெளிய ஜெபிப்போம்" என்று அறிவித்துவிட்டார். ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்துவிட்டால் யார் கதையையும் ஊருக்குச் சொல்லலாம் போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் அவள் பைத்தியமாகியிருந்தாள். மறுவாரம், அவள் உயிராக நினைத்த ஞாயிறு பள்ளி வகுப்பையும் பிடுங்கிக்கொண்டார்கள். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கம்மா," என்றார் ஞானசிங். பிள்ளைகளை அவளிடமிருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதி அந்த முகத்தில்.

அப்படிப்பட்டவரை ஆண்டவரே தன் கையில் பிடித்துக் கொடுத்தார் என்றுதான் கேசியா நினைத்தாள். செவ்வாய்க்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரியில், அதே டாக்டரின் அறை வாசலில், அந்தக் கத்திரி வெயிலிலும் தலையைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "ஞானசிங் காரு, லோபலிக்கி ரண்டி," என்று நர்ஸ் இரண்டு முறை உள்ளே கூப்பிட்டதும் வேறு வழியில்லாமல் எழுந்தார். கேசியாவைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. சித்தூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் அவள் அதை நினைத்து நினைத்துச் சுவைத்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரம். கேசியா எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் ஞானசிங்கின் கையிலிருந்த பாட்டுப்புத்தகம் நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்கும் வரும். பாழாய்ப்போன அந்தக் கை தன் கண்ணில் படாமல் இருந்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது. இன்று போட்டு உடைத்தால் இந்த மனுஷன் மறுபடி டாக்டர் வாசலை மிதிக்கவே மாட்டார். அதற்காகச் சும்மா விடவும் அவளுக்கு மனசில்லை.

"டாக்டர் குடுத்த மாத்திரைய போட்டுக்கினு நல்லா தூங்குறேன், ஸ்தோத்திரம்," என்றாள். "போன செவ்வாக்கெழம நம்ம ஞானசிங் அண்ணாவும் ஆஸ்பத்திரியில எங்கூடதான் உக்காந்துக்கினு இருந்தாரு. இனிமே ஒவ்வொரு தடவையும் கூட வருவாரு. என் கிளாஸையும் வர்ற வாரம் திருப்பிக் குடுக்கப் போறாரு. இல்லண்ணா?"

ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவளுக்குத் துணையாகப் போயிருக்கிறாரே என்று சபையே மெச்சுதலோடு திரும்பி அவரைப் பார்த்தது.

"ஆமாம்மா," என்றார் ஞானசிங்.

கேசியாவுக்கு வயிறு குளிர்ந்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாம்மா, இப்பிடி மாட்டிவுட்டுட்ட?"

"அடுத்த செவ்வாக்கெழம காலையிலயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்கண்ணா," என்றாள் கேசியா. "மப்ளர் வேணாம்."