மகன் பேரில்

சயந்தினி கடைசிக்கு முந்தின வரிசையில் குனிந்து, கதிரைகளில் கிடந்த அஞ்சலித் தாள்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கதிரையிலும் ஒரு தாள். அதன்மேல், பெட்டிக்குள் தூவுவதற்காக, ஒரு கடுதாசிக் கிண்ணத்தில் ரோசா இதழ்கள். இதழ்களை விட்டுவிட்டுத் தாளை மட்டும் எடுத்தாள். மண்டபத்தின் முன்னால், திறந்த பெட்டிக்குள், அவளுடைய அப்பா வரதராஜா பட்டு வேட்டியோடு கிடந்தார். பத்தரைக்குக் கிரியை. இன்னும் இருபது நிமிடம்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?” வாசலில் நின்ற சித்தப்பா கதிர்காமநாதன் ஓட்டமும் நடையுமாக வந்தார். “விடிய எழும்பி அடுக்கினனான்.”

“ஆரைக் கேட்டு இதை அடிச்சனீங்கள், சித்தப்பா?”

“என்ரை அண்ணையைப் பற்றி எழுத நான் ஆரைக் கேக்கோணும்?”

அவள் ஒரு தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறந்தது, படித்தது, பென்டில் ஹில்லில் மளிகைக் கடை போட்டது, கோயில் திருப்பணி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: ‘அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு, நியூ ஜேர்சியில் வாழும் மகன் செந்தூரன் பேரில், இரண்டு இலட்சம் டொலர்களை அள்ளிக் கொடுத்த வள்ளல்.’

“இதிலை என்ன பிழை? பொய்யே?”

“பொய்யாயிருந்தா நான் பேசாமல் விட்டிருப்பன்.”

அமெரிக்கத் தேர்தல் சட்டம் ஒரு வேடிக்கையான சட்டம். வேட்பாளரின் கையில் நேரே கொடுப்பதற்குத்தான் உச்சவரம்பு. அவருக்காகத் தனியே விளம்பரம் செய்கிற குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம், எவரும் தடுக்கமாட்டார்கள். கொட்டுகிறவன் அமெரிக்கனாக இருக்கவேண்டும், காசு அவனுடையதாக இருக்கவேண்டும். செந்தூரன் அமெரிக்கன். காசு அவனுடையதல்ல, அமெரிக்கரல்லாத அப்பாவுடையது.

வரதராஜா அரிசி மூட்டைக்கு அரை டொலர் குறைக்க அரை நாள் நிற்கிற மனிதர். அந்தக் குழுக்காரர்கள் விருந்துக்கு அழைத்தபோது, ஒரு இலட்சத்துக்குப் பக்கத்து மேசை, இரண்டுக்கு வேட்பாளரின் மேசையேதான் என்றார்களாம். ஒன்றே முக்காலுக்குக் கேட்டுப் பார்த்தார், படியவில்லை. ஊரில் போரில் காணாமல் போனவர்களின் பட்டியலை ஆங்கிலத்தில் அடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மகனோடு விருந்துக்குப் போனார். வேட்பாளர் கையைக் குலுக்கி, இந்தியா அழகான நாடு என்று சொல்லிவிட்டு அடுத்த கதிரைக்குத் திரும்பினார். கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பில் முதல் இரண்டு மாநிலங்களிலேயே தோற்று, போட்டியை விட்டும் போனார். பட்டியல் வைத்த பையிலேயே திரும்பி வந்தது.

“பிள்ளை,” சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “கோயில் உபயத்தை நாங்கள் பிள்ளையளின்ரை பேரிலதானே செய்யிறனாங்கள்? ஐயர் மைக்கிலை பிள்ளையின்ரை பேரை வாசிப்பார். காசு தேப்பன்ரை எண்டு சபைக்கே தெரியும். அதை ஆர் களவெண்டு சொன்னது?”

“அது கோயில். அமெரிக்காவிலை அது குற்றம். தம்பி ஏன் வரேல்லை எண்டு நினைச்சனீங்கள்?”

“லீவு கிடைக்கேல்லை எண்டு...”

“போன மாசம் அவனுக்கு அரசாங்கத்திலையிருந்து கடிதம் வந்தது. காசு எங்கையிருந்து வந்ததெண்டு விசாரிக்கினம். லோயர் அவனை ஊரை விட்டு அசைய வேண்டாமெண்டிட்டார். தன்ரை உழைப்புத்தான் எண்டு கையெழுத்து வைச்சுச் சொல்லிப்போட்டு இருக்கிறான், சித்தப்பா. அப்பா குடுத்ததெண்டு ஒரு கடுதாசி அவையின்ரை கையிலை கிடைச்சால் போதும். மறியல்தான், உள்ளை போடுவினம்.”

கதிர்காமநாதன் பக்கத்துக் கதிரையில் இருந்த கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

“பின்பக்கத்திலை இங்கிலிஷிலையும் போட்டிருக்கிறன். பேரப்பிள்ளையள் வாசிக்கோணுமெண்டு.”

அவள் மிச்சத் தாள்களையும் உருவி, எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக் கொண்டுபோய், அப்பாவின் கால்மாட்டில், வேட்டி மடிப்புக்கு அடியில் செருகினாள். வெள்ளைத் துணியை இழுத்து மூடினாள். கால்கள் சற்று உயர்ந்து தெரிந்தன. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் சேர்ந்தே எரிந்துவிடும்.

“ஆருக்கும் கையிலை குடுத்தனீங்களோ?” திரும்பி வந்து சித்தப்பாவிடம் கேட்டாள்.

“இல்லை... ஒராளுக்கு. முதல்ல வந்தவர். வெள்ளைக்காரர். அண்ணையின்ரை கூட்டாளியாக்கும் எண்டு நினைச்சன்.”

கடைசி வரிசையின் மூலையில், தூண் மறைவில், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவன் இருந்தான். நாற்பது வயதிருக்கும். தாளின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். கடையில் வளர்ந்தவளுக்கு முகம் பார்க்கத் தெரியும். சாமான் வாங்க வந்தவன் விலை கேட்பான், மூக்கைச் சுளிப்பான், ஒன்றை எடுத்து மற்றதை வைப்பான். எதுவும் கேட்காமல் சாமான் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தேடிப் படிக்கிறவன் மாநகரசபையிலிருந்து சோதனைக்கு வந்தவன்.

அவள் அவனிடம் போய், தாளில் எழுத்துப் பிழை இருக்கிறது, திருப்பித் தரமுடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பரவாயில்லை, வைத்திருக்கிறேனே என்றான் அவன், மிகப் பணிவாக. உங்கள் தந்தை தாராள மனதுக்காரர் போலிருக்கிறது.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

“செந்தூரன் வரவில்லையா?” என்று ஆங்கிலத்திலேயே கேட்டான். பெயரை மட்டும் ஒரு எழுத்தும் சிதையாமல் சொன்னான். இங்கே இருபது வருடம் பழகிய வெள்ளைக்காரர்கள்கூட அவளுடைய தம்பியின் பெயரை அப்படிச் சொன்னதில்லை.

சனம் உள்ளே வரத் தொடங்கியது. கட்டிப்பிடிப்பதற்கும் அழுவதற்கும் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னாலிருந்து ஐயர் ஒலிவாங்கியில் கூப்பிட்டார்: “மகளை வரச் சொல்லுங்கோ. முதல் வாய்க்கரிசி மகள்தான் போடோணும்.”

அவள் போனாள். அரிசியை அள்ளி அப்பாவின் உதட்டில் வைத்தாள். நேரலைக் கமெராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது; அதற்கு அப்பால் நியூ ஜேர்சியில் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான் என்று தெரிந்ததால், முகத்தை ஒரே மாதிரி வைத்திருந்தாள். சித்தப்பா பேச வந்தார். கையில் தாள் இல்லை. “அண்ணை நல்ல மனிசன்,” என்றார். அத்தோடு இறங்கிவிட்டார். சனம் வரிசையாக வந்து இதழ் தூவியது. பெட்டி மூடப்பட்டது. திரை விலகி, பெட்டியை உள்ளே வாங்கிக்கொண்டு, மறுபடி சேர்ந்தது.

எல்லோரும் வெளியே போனபிறகு, சயந்தினி கடைசி வரிசைக்கு நடந்தாள். மற்றக் கிண்ணங்களெல்லாம் வெறுமையாக இருந்தன. தூணோரக் கதிரையில் ஆளும் இல்லை, தாளும் இல்லை; ஒரு கிண்ணம் மட்டும், நிறைய இதழ்களோடு, வைத்தபடியே இருந்தது.