மதிப்புரைக்கு வந்த எடிட்டர்

கணினிப் பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அந்த மாதம் வந்து சேர்ந்தது, இணையப் பக்கம் எழுதுவதற்கான ஒரு எடிட்டர் மென்பொருள். HTML கட்டளை எதுவும் தெரிய வேண்டாம், திரையில் வைப்பது வைத்தபடியே பக்கமாகிவிடும் என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இதே சத்தியத்தை எத்தனையோ பெட்டிகளில் படித்து அலுத்தவள் அவள். சோதித்துப் பார்க்க என்ன பக்கம் செய்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

கூடத்து சோபாவில் நாத்தனார் படுத்திருந்தாள். கணவரின் தங்கை. புகுந்த வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்ததிலிருந்து பாதி நாள் அந்த சோபாதான். நன்றாகத் தைப்பாள். கணினியைத் தொட்டதே இல்லை.

"இங்க வாயேன். புதுசா தொடுற ஆளுக்கு இது எப்படி வருதுன்னு பாக்கணும். தெரிஞ்சதை எதையாவது எழுது."

"எனக்கு என்ன அண்ணி தெரியும்? குழந்தைங்க சட்டைக்கு அளவு தெரியும்."

"அதையே எழுது."

ஒற்றை விரலால் தட்டித் தட்டி, வயது, மார்பு, கை, உயரம் என்று ஓர் அட்டவணை போட்டாள் நாத்தனார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சேமித்து மறுபடி திறந்தால் கை அளவு மார்புக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. திருத்திச் சேமித்தாள். இப்போது அட்டவணையே சரிந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது.

நாத்தனாரின் தோளுக்கு மேல் எட்டி, அவள் அந்தப் பக்கத்துக்கு உள்ளே இருந்த கட்டளைகளைத் திறந்து பார்த்தாள். ஒரு சொல்லைச் சுற்றி அரை டஜன் வெற்றுக் கட்டளைகள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எடிட்டர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் குப்பையைச் சேர்த்திருந்தது. வேறொரு உலாவியில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸுக்குப் போயிருந்தது. போதும், இனி மதிப்புரை தானே எழுதிக்கொள்ளும்.

"விடும்மா. எந்திரி."

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. "நான் ஒண்ணு வச்சா இது ஒண்ணு ஆக்குது. கேட்டா எல்லாம் சரியாத்தான் இருக்குங்குது. இந்த மாதிரி ஆள்கூட நான் குடும்பமே நடத்தியிருக்கேன் அண்ணி."

அவள் காபி போட்டுக்கொண்டு திரும்பியபோது நாத்தனார் கட்டங்களையெல்லாம் அழித்துவிட்டு, ரெண்டு வயசுக்கு இவ்வளவு, மூணு வயசுக்கு இவ்வளவு என்று பேசுகிற மாதிரி வரி வரியாக எழுதிக்கொண்டிருந்தாள். சேமித்தாள். எதுவும் நகரவில்லை. மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும், நாத்தனாருக்காக அவளே அதை இணையத்தில் ஏற்றிக் கொடுத்தாள்.

யாருக்கும் பரிந்துரைக்க முடியாத எடிட்டர் என்று மதிப்புரையில் எழுதினாள். மனசு கேட்காமல், அதோடு மல்லுக்கட்டி ஒரு பக்கத்தை முடித்த பெண்ணைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தாள். இதழ் வந்தபோது அந்தப் பத்தி இல்லை.

"என்னைப் பத்தி எழுதினேன்னீங்களே?"

"இடம் இல்லைன்னு எங்க பத்திரிகை எடிட்டர் வெட்டிட்டார்."

"அப்ப ரெண்டு எடிட்டரும் ஒண்ணுதான்."

அந்த வாரமே, இணையத்தில் அந்தப் பக்கத்தைப் படித்த யாரோ ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தையலுக்கு விடும் கூடுதல் துணியும் இந்த அளவில் சேர்த்தியா என்று கேட்டிருந்தாள்.

"ஐயையோ, அதை எழுதவே இல்லையே!" நாத்தனார் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தாள். "அண்ணி, அந்தக் கட்டளைங்களை நேரா எழுதச் சொல்லிக்கொடுங்க. நடுவுல ஆள் வேண்டாம்."

மேசையில் அடுத்த பெட்டி பிரிக்காமல் கிடந்தது. "நாளைக்குப் பாக்கலாம்மா. களைப்பா இருக்கு."

"நாளைக்கும் களைப்பாத்தான் இருக்கும்."

அது உண்மைதான். அவள் நாத்தனாரைக் கணினி முன் உட்காரவைத்து, பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் முதல் கட்டளையிலேயே ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தாள்.