ரப்பர் தலையின் மரணங்கள்

ரப்பர் தலையை அடக்கம் செய்த வாரத்திலேயே, அவர் சினிமாவில் போட்ட வேற்றுக்கிரக வேடங்கள் ஒவ்வொன்றாக அவர் வீட்டுக்கு நடந்தே வந்துசேர்ந்தன. முதலில் வந்தது உடம்பெல்லாம் மீன்செதில் கொண்ட நீதிபதி. லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால் நான்காவது மாடிவரை படியேறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கியது. அடுத்து வந்த மூன்று கண் சிப்பாய், அத்தனை கண் இருந்தும் செருப்புப் பலகையில் இடித்துக்கொண்டது. அதன்பின் மணியடித்தால் யார் என்று கேட்பதைக்கூட வீட்டில் விட்டுவிட்டார்கள். சில நாளில் ஹாலில் கால் வைக்க இடமில்லை.

ரப்பர் தலை என்பது ரசிகர்கள் வைத்த பெயர். நிஜப் பெயர், படம் முடிந்து ஜனங்கள் எழுந்து போகும்போது ஓடும் எழுத்துகளில் எங்கோ வரும். விண்வெளிப் படங்களில் மட்டுமே நடித்தார். பசையும் ரப்பருமாகத் தலையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வருவார், பிறகு கதாநாயகன் கையால் சாவார். வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் பசை அரித்த இடத்துக்கு எண்ணெய் தடவிவிடுவது மனைவியின் வேலை. அந்த அம்மாள் டவுன் பஸ் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு படம் பார்த்தார். இடைவேளைக்கு முன்பே கணவர் புகையாகிப் போனதைக் கண்டு தியேட்டரிலேயே வாய்விட்டு அழ, பக்கத்துச் சீட்டில் இருந்த கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ சாகறதைப் பார்க்க நான் டிக்கெட் வேற எடுக்கணுமா?" என்று எழுந்து வந்தவர், அப்புறம் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. கணவர் உண்மையிலேயே செத்தபோது, அந்த அம்மாள் பாலத்தின் மேல் நெரிசலில், பஸ் நிறையப் பயணிகளோடு மாட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வந்த வேடங்கள் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. சமையலறையிலிருந்து பால்கனிக்கு, பால்கனியிலிருந்து படுக்கையறைக்கு, மறுபடி சமையலறைக்கு என்று நடந்துகொண்டே இருந்தன. கீழ்வீட்டுக்காரர் தன் விட்டத்தில் விரிசல் விழுகிறது என்று சண்டைக்கு வந்தார், ஹாலை எட்டிப் பார்த்தார், பேசாமல் இறங்கிப் போனார். துணைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனாருக்குத்தான் தாங்கவில்லை. "அண்ணி, சாப்பாடு வேணாங்குதுங்க, தண்ணி வேணாங்குதுங்க. என்னதான் வேணுமாம்?" அண்ணியாலும் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. விடுமுறையை ரத்துசெய்துவிட்டு இரண்டு ஷிப்டும் ஓட்டினார். வீட்டுக்கு வந்தால் வேடங்களோடு சேர்ந்து அவரும் நடந்தார்.

செய்தி கேட்டு ரசிகர்கள் வந்தார்கள். தலைமை தாங்கியவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஹாலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எந்த வேடம் எந்தப் படம், எந்தக் கிரகம், எப்படிச் செத்தது என்று அத்தனையும் அவர்களுக்கு அத்துப்படி. முகமே தெரியாத மனிதர் தோளாலேயே நடித்ததை ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டிக்கொண்டார்கள். டிரைவரம்மா கையைக் கட்டிக்கொண்டு, யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருக்கும்போதே அது நடந்தது. நடந்து நடந்து முழங்காலில் ரப்பர் தேய்ந்திருந்த நீதிபதி, சமையலறை வாசலில் சுருண்டு விழுந்தது. நாத்தனார் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தோல். ரிப்பேர்க்காரர் செல்போனில் அந்தப் படத்தைப் போட்டார். நீதிமன்றத்தில் கதாநாயகன் காலி நாற்காலியைப் பார்த்து ஆவேசமாக வாதாடிக்கொண்டிருந்தான்.

"இப்படியே தேய்ஞ்சா எல்லாரும் போயிடுவாங்கக்கா. அப்புறம் அவர் நடிச்சதே இல்லன்னு ஆயிடும்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"தெரியலக்கா. ஆனா எங்களைத் தேடி வரல, உங்களைத் தேடித்தான் வந்திருக்காங்க. நாங்க பார்த்தாச்சு. நீங்கதான் பார்க்கல."

"வெளிய போங்க" என்றார் டிரைவரம்மா. போனார்கள். அவர்கள் படியிறங்கும்போதும், நீதிபதி சாவதற்கு முன் பெருமூச்சு விடுவாரா இல்லையா என்று வாக்குவாதம் செய்துகொண்டே போனது மேலே கேட்டது. இரண்டு தளம் இறங்குவதற்குள் அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கத்தினார்: "ஏறி வாங்க. போட்டுக் காட்டுங்க."

டிவியில் காலி நாற்காலி வந்தது. ரசிகர்கள் நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். இப்போது வலது தோளை இறக்குவார். இப்போது தீர்ப்பு சொல்ல மனசு வராமல் தலையைத் திருப்புவார். சொல்லச் சொல்ல நாற்காலியில் முதலில் செதில்கள் தெரிந்தன, பிறகு தோள், பிறகு தலை. "இப்ப கையைக் கழுத்துக்குக் கொண்டுபோவார் பாருங்க. அந்தக் கிரகத்துல துக்கத்துக்கு அதுதான் அடையாளம்" என்றார் ரிப்பேர்க்காரர்.

"துக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. பசை அரிக்குது அவருக்கு" என்றார் டிரைவரம்மா.

எத்தனையோ வருடமாக அந்தக் கையசைவைப் பற்றிப் பேசித் தீர்த்தவர்களில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். ரிப்பேர்க்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். திரையில் குண்டு பாய்ந்தது. டிரைவரம்மா முகத்தைத் திருப்பவில்லை. நீதிபதி மெதுவாக, அவசரமே இல்லாமல் செத்தார். அந்த அம்மாள் சத்தமில்லாமல், "சரி, சரி, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். சமையலறை வாசலில் கிடந்த தோல் உப்பி எழுந்து வந்து, சோபாவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கிப் போனது. அதன்பின் படத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை.

மற்ற மரணங்களையும் அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்து முடித்தார். எரிந்தது, உறைந்தது, தன் வாலிலேயே தடுக்கி எரிமலையில் விழுந்தது எல்லாம். போகப்போக, "இதுல சரியா சாகல, வேற யோசனையில இருந்திருக்கார்" என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறினார். பார்த்து முடித்ததும் அந்தந்த வேடம் உட்கார்ந்து எழுந்து போனது. நாத்தனார் ஊருக்குக் கிளம்பினார். வீடு பெரிதாகிவிட்டது. ஆனால் அந்த அம்மாளின் கால் மட்டும் நிற்கவில்லை.

அடுத்த வருடம் கடைசி வேடம் வந்தது: கூன் முதுகும் நீண்ட கைகளும் கொண்ட காவல்காரர். படத்தில் விண்கப்பல் அவரைப் பாலைவனத்தில் விட்டுவிட்டுக் கிளம்பிப் போகும். கேமராவும் கப்பலோடு போய்விடும். அவர் என்ன ஆனார் என்பதில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தார்கள்.

"அப்ப இவர் சாகலையா?"

"காட்டலக்கா."

டிரைவரம்மா அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னார். கடைசியில் தானே எழுந்து டிவியை அணைத்தார். காவல்காரர் உட்காரவில்லை, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். உட்காரச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அந்த அம்மாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வர்றீங்களா?" என்று கேட்டார்.

இன்றுவரை அந்த அம்மாளின் பஸ்ஸில் காவல்காரர் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே போகிறார். கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்பதில்லை. வயதானவர்களுக்கு மேல் தட்டிலிருந்து பையை இறக்கிக் கொடுக்க அந்தக் கைகள் வசதியாக இருக்கின்றன. காலை நெரிசலில் அவர் நடப்பதற்கு வழிவிடச் சொல்லி டிரைவரம்மா ஒரு தடவை ஹாரன் அடிப்பார், ஜனங்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.