சாவி இருந்தவரை

சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கிள்ளைக்குப் பக்கத்தில், தார்ஷீட் வீடுகளாய்ப் போட்ட தற்காலிகக் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டியின் சாவி கொளஞ்சியம்மாளின் முந்தானையில் முடிந்திருந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். விடிந்ததும் அவள் வந்து பூட்டைத் திறந்தால்தான் தண்ணீர். எதிர்த்துப் பேசியவளின் குடம் வரிசையில் கடைசிக்குப் போகும்.

வாரத்தில் இரண்டு நாள் சிதம்பரத்திலிருந்து வரும் மனநல ஆலோசகர் சிவப்ரியாவிடம் புகார் குவிந்தது. கடலில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இவ்வளவு ஆங்காரமா என்றார்கள். சிவப்ரியா உளவியல் மேதை ஆட்லரைக் கரைத்துக் குடித்தவள். அதிகாரத்துக்கு மல்லுக்கட்டுகிறவர் தேடுவதெல்லாம் நாலு பேர் நடுவில் தனக்கொரு இடத்தைத்தான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். எழுதி என்ன? கூட்டம் போட்டாள்.

"வாரத்துக்கு ஒரு வீடா சாவிய மாத்தி வச்சுக்கலாமே" என்றாள். எல்லாரும் கை தூக்கினார்கள். கொளஞ்சியம்மாள் முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தரையில் வைத்தாள்.

சண்டை நின்றது. 'நல்ல முன்னேற்றம்' என்று சிவப்ரியா அறிக்கை அனுப்பினாள். சந்தோஷமாகவே இருந்தாள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தாள். சாவி வைத்துக்கொள்ளும் முறை கொளஞ்சியம்மாளின் வீட்டைத் தாண்டிப் போயிருந்தது. அந்த வாரம் சாவி வைத்திருந்த மங்கலத்திடம் ஏன் என்று கேட்டாள்.

"காலங்காத்தால தாலியறுத்தவ மூஞ்சியில முழிச்சிட்டு ஆம்பளைங்க எப்படி மேடம் கடலுக்குப் போவாங்க? அவ சாவி வச்சிருந்தப்போ எங்களுக்கு வேற வழியில்ல."

ஊரே தினமும் தன் முகத்தில் விழிக்கும்படி ஒருத்தி தானாகத் தேடிக்கொண்ட இடத்தை, நியாயம் பேசிப் பிடுங்கிவிட்டோம் என்று சிவப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மங்கலத்திடம் கெஞ்சிச் சாவியை வாங்கிக்கொண்டு போய் நீட்டினாள்.

"இனிமே நீங்களே வச்சுக்குங்கக்கா."

கொளஞ்சியம்மாள் கை நீட்டவில்லை. "நானா எடுத்து வச்சிருந்தது வேற. நீ வாங்கிக் குடுத்தா அது உன் சாவிம்மா."

மறுநாள் விடிவதற்குள் சிவப்ரியா முதல் பஸ்ஸில் வந்து கொளஞ்சியம்மாளின் கதவைத் தட்டினாள். அவள் முகத்தில் விழிக்க ஒருத்தியாவது வரட்டும் என்றுதான் வந்தாள்.

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒம்போது மணிக்கு மேல வாம்மா. வேலைக்குப் போற பொண்ணு, விடியக்காலையில எம் மூஞ்சியப் பாக்காத."