பாட்டிலில் வந்த சாப்பாடு

கருப்பம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து ஆறு நாளாகிவிட்டது. விஷக்காய்ச்சல் முற்றிக் குடலில் ஓட்டை விழுந்து, சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது அவளுக்கு நினைவில்லை. உயிர் தப்பியதே பெரிது. ஆனால் புண் ஆறவில்லை. வாய்வழியாக ஒரு பருக்கைகூடக் கொடுக்கக் கூடாதென்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குளுக்கோஸ் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போவதைப் புருஷன் சுருளிவேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் மெட்ராஸிலிருந்து ரயிலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே இளமஞ்சள் நிறத்தில் பாட்டில்கள்.

"இது என்ன மருந்து தாயி?" என்று நர்ஸ் செபஸ்தியம்மாளைக் கேட்டான்.

"மருந்து இல்லண்ணே, சாப்பாடு. பால்ல உள்ள சத்தைப் பிரிச்சு, நேரா ரத்தத்துல சேர்ற மாதிரி பண்ணியிருக்காங்க. குளுக்கோஸ் தெம்பு மட்டுந்தான் குடுக்கும். புண்ணு ஆறிச் சதை பிடிக்க இதுதான் வேணும்."

அவள் பாட்டிலை மாட்டி, சொட்டு மெதுவாக விழும்படி குழாயிலிருந்த திருகைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சுருளிவேல் சொட்டுகளைப் பார்த்தான். ஒன்று விழுந்து, யோசித்து, அடுத்தது விழுந்தது. ஒரு வாரப் பட்டினி கிடந்தவளுக்கு இப்படியா சோறு போடுவது? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திருகைத் தளர்த்தினான். சொட்டு சரமாக இறங்கியது. அவனுக்கு மனம் குளிர்ந்தது.

கால் மணி நேரத்தில் கருப்பம்மாளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. குமட்டி, ஓங்கரித்தாள். சுருளிவேல் பதறித் திருகை இறுக்கிவிட்டுக் கத்தினான். நர்ஸும் டாக்டரம்மாவும் ஓடி வந்தார்கள்.

டாக்டரம்மா நாடி பார்த்தார். "இந்த உடம்புக்கு ஒத்துக்கல போல. கழட்டிருங்க. இனிமே போட வேண்டாம்."

செபஸ்தியம்மாள் ஊசியில் கை வைத்தாள். சுருளிவேல் எழுந்தான். சொன்னால் ஆஸ்பத்திரியை விட்டே துரத்துவார்களோ என்னவோ. சொல்லாவிட்டால் அவள் சாப்பாடு போய்விடும்.

"அம்மா, அந்தப் பாட்டில் மேல தப்பில்ல. நாந்தான் திருகைத் தொறந்து விட்டேன். பசியா இருப்பாளேன்னு..."

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது வெரசா போனா உடம்பு தாங்காது. ஆனா இப்பச் சொன்னியே, நல்லதாப் போச்சு. இல்லேன்னா இதை நிறுத்தியே இருப்பேன்."

நடுக்கம் அடங்கும்வரை பொறுத்து, சாயங்காலம் மறுபடி ஏற்றினார்கள், முன்னைவிட மெதுவாக. இந்தத் தடவை ஒரு தொந்தரவும் இல்லை. சுருளிவேல் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பத்து நாளில் புண் ஆறியது. விஷயத்தை நர்ஸ் சொல்லக் கேட்ட கருப்பம்மாள் வலியோடு சிரித்தாள்.

"நல்ல ஆளுய்யா நீ. என்னைக் கொன்னுருப்ப."

அவள் திட்டிக் கேட்டு அவனுக்கு எத்தனையோ நாளாகியிருந்தது.

"இன்னும் ரெண்டு வார்த்தை திட்டு புள்ள," என்றான்.