இரண்டாம் பக்கத்து இருமல்

அருள்முருகனுக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை அவன் தலையில் கட்டியவர் தாய்மாமா கண்ணாயிரம். 2005 ஆவணியில், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கப் போன பஸ்ஸில் மாமாவின் வாய் ஓயவே இல்லை.

“மாப்ள, பொண்ணு பாட்டு டீச்சரு. வூடே கர்நாடக சங்கீதம். கீபோர்டு வாசிக்கிறேன்னு மட்டும் சொல்லு. கானா, கோயில் திருவிழாக் கச்சேரின்னு வாயத் தொறந்தே, அவ்ளோதான்!”

சிதம்பரத்தில் இறங்கியதும் ஒரு கேசட் கடையில் அவனை நிறுத்தி, அட்டைகளைப் பார்த்து ஐந்து வித்வான்களின் பெயரை மனப்பாடம் பண்ணவும் வைத்தார். அப்படியொரு முன்யோசனை மனுஷனுக்கு!

காபித் தட்டோடு வந்த சிந்துஜாவைப் பார்த்ததுமே அருள்முருகனுக்கு இவள்தான் என்று பட்டுவிட்டது. ஏற்கெனவே இரண்டு வீட்டில், கச்சேரிக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று கைவிரித்திருந்தார்கள். இந்த இடமும் தட்டிப்போய்விடக் கூடாதே என்று அட்டையில் பார்த்த ஐந்து பெயரையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிக்கொண்டான்.

பாடச் சொல்லி யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே கேட்டாள். “நீங்களும் மியூசிக்தான? ரொம்பப் புடிச்ச அஞ்சு ஆல்பம் சொல்லுங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது.”

வீணை, நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின், கடம் என்று பெயர்களோடு கடகடவென ஒப்பித்தான். மாமா மீசையைத் தடவிக்கொண்டார். சிந்துஜா விடவில்லை.

“அந்த நாதஸ்வரக் கேசட்டுல ரெண்டாம் பக்கம் மொதல்ல என்ன ராகம்?”

கண்ணாடித்தாளே பிரிக்காத கேசட்டில் இரண்டாம் பக்கத்தை யார் கண்டது! மாமாவைப் பார்த்தான். சிந்துஜா டம்ளர்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது.

“கொஞ்சம் இருங்க. அதெல்லாம் நான் கேட்டதே இல்ல. கேட்டதச் சொல்லட்டுமா?”

மாமா தொடையைக் கிள்ளினார். கிள்ளட்டும்!

“எங்க கடலூர் ஓல்டு டவுன்ல ஒரு சர்ச்சுல கூட்டமாப் பாடுற கொயர், அவுங்களே ரெக்கார்டு பண்ண கிறிஸ்மஸ் கேசட். ரெண்டாம் பக்கம் ஆரம்பிக்கறப்ப யாரோ இருமுவாங்க. அந்த இருமலு இல்லன்னா எனக்குப் பாட்டே எறங்காது. அப்பறம் தர்கா சந்தனக்கூடுல வாங்குன தஃப் பாட்டு. பத்து பேரு தட்டுறது ஒரே கையா கேக்கும். ஹார்பர்ல ஒரு கப்பல்காரரு குடுத்த கிடார் கேசட்டு. வாசிக்கிறது யாருன்னு இன்னி வரைக்கும் தெரியாது. எங்க சித்தி கல்யாணத்துல டேப்புல புடிச்ச நாதஸ்வரம். நடுவுல ஒருத்தர் சாம்பாரு கேப்பாரு. அஞ்சாவது... கானா. சாவு வூட்டுல பாடுனது. தாளம் கத்துக்கிட்டதே அதுலதான்.”

சொல்லும்போதே அவன் விரல்கள் கேசரித் தட்டின் விளிம்பில் அந்தத் தாளத்தைப் போட்டுவிட்டன. பெண்ணின் அப்பா கூரையைப் பார்த்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

சிந்துஜா தட்டைக் கீழே வைத்தாள்.

“அடுத்த தடவ வரப்ப அந்தக் கானா கேசட்டக் கொண்டாங்க.”

அடுத்த தடவை! அடடா, அதற்கு மேல் என்ன வேண்டும் அவனுக்கு?

கல்யாணமாகி கடலூரில் குடித்தனம் வைத்தார்கள். வீட்டுக்குச் சீடி வந்தது, மெமரி கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அந்த ஐந்தும் பழைய டேப் ரெக்கார்டரில்தான் ஓடும்.

2011 முடிகிற நேரத்தில் அடித்த தானே புயல் வீட்டு ஓடுகளைப் பிய்த்து எறிந்தது. கேசட் பெட்டி வெள்ளத்தில் ஊறிப்போனது. தை பிறந்தும் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. அருள்முருகன் வாசலில் உட்கார்ந்து நாடாக்களை உருவி வெயிலில் போட்டான். சேறு ஏறிய நாடா கையோடு அறுந்து வந்தது. கடையில் விற்றதென்றால் தேடி வாங்கிவிடலாம். சித்தி கல்யாணத்தை எந்தக் கடையில் போய்க் கேட்பது? பாவம், தாங்க முடியாமல் அழுதான்.

சிந்துஜா ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கொயர் கேசட்டுலேந்து ஆரம்பிங்க.”

“வெளையாடறியா?”

“தட்டுங்க, சொல்றேன்.”

தட்டினான். மெல்லப் பாடினான். முதல் பக்கம் முழுக்க வந்தது, ஒன்றும் மறந்திருக்கவில்லை. முடிந்ததும், கேசட்டைத் திருப்பிப் போடுகிற பழக்கத்தில் கை தானாக நின்றது.

அந்த இடைவெளியில் சிந்துஜா இருமினாள். அதே கரகரப்பு, அதே நீளம்.

அருள்முருகன் அவளைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் பாட ஆரம்பித்தான்.